சாவியைத் திருப்பும் முன்: பல ஆண்டு நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை எழுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

கராஜ் மூலையில் போர்வைக்கு அடியில் பல ஆண்டுகள் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்தால், முதலில் வருவது ஒரே ஆசைதான். புது பேட்டரி ஒன்றை மாட்டி ஒரு செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதினொரு ஆண்டு நின்ற ஒரு டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் அது. டேங்கில் கிடந்த பெட்ரோலோடு புதிதாகக் கொஞ்சம் ஊற்றி, செல்ஃப் அடித்தேன். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஓடவிட்டு, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை செல்ஃப் அடித்ததும் உள்ளேயிருந்து ஏதோ முறிகிற சத்தம். கெட்டுப்போன பெட்ரோலின் பிசின் வால்வுத் தண்டுகளில் படிந்திருந்தது. எஞ்சின் சூடாக இருந்தவரை இளகிக் கிடந்த அது, ராத்திரி குளிர்ந்ததும் கோந்து மாதிரி இறுகிவிட்டது. அசையாத வால்வைத் தள்ளப் போன புஷ்ராடுகள் இரண்டு வளைந்துபோயின. பதினொரு ஆண்டு சும்மா நின்றதில் ஆகாத சேதம், நான் சந்தோஷமாக இருந்த பத்து நிமிடத்தில் ஆனது.

கீழே வரும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

பழைய பெட்ரோலை நம்புவது

பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றோடு கலந்து பிசினாகும். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் புது பெட்ரோல் கலந்து சமாளிக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துரு அங்கேதான் தொடங்கும்.

டேங்கைச் சுத்தம் செய்துவிட்டு ரப்பர் ஹோஸ்களை அப்படியே விடுவது இன்னொரு தவறு. எத்தனாலை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்து ரப்பர் அது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் வெடிப்பு தெரியும். பெட்ரோல் ஓடும் ரப்பர் அத்தனையையும், எத்தனால் தாங்கும் புது ஹோஸாக மாற்றுங்கள். எஸ்யூ, வெபர், சோலெக்ஸ் என்று எந்த கார்புரேட்டர் இருந்தாலும் கழற்றி, ஜெட்டுகளையும் மிதவையையும் நீடில் வால்வையும் சுத்தம் செய்யாமல் எஞ்சினை எழுப்பக்கூடாது. நீடில் வால்வு மாட்டிக்கொண்டு மூடாமல் போனால் பெட்ரோல் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும். பழைய கார்கள் எரிந்துபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். முதல் நாள் ஒரு தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காருக்குள்ளே அல்ல, வெளியே.

கார் எப்போது நிறுத்தப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999 கடைசியோடு பொது விற்பனையிலிருந்து போனது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. வால்வு வந்து அமரும் இடம் (வால்வு சீட்) தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஈய பெட்ரோல் காலத்திலேயே படுத்த பழைய காரின் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போடாமல் இருந்திருக்கலாம். மெதுவாக ஓட்டும் வரை பெரிய ஆபத்து இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கும்.

செல்ஃபால் சுற்றிப் பார்ப்பது

நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர்களில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் மோட்டாரின் பலத்தில் திருப்பினால் ரிங் உடையும், இல்லையென்றால் சுவரில் கோடு விழும்.

ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கிராங்க் முன்பக்க போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். எங்காவது இடித்தால் நிறுத்திவிட்டு இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திருப்பியது எஞ்சினை அல்ல, போல்ட்டின் தலையை.

கையால் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்துவிட்டதா? சரி, இப்போது பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக்குகளைப் போடாமலேயே, இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, செல்ஃபை இடைவெளி விட்டு விட்டு அடியுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை எஞ்சின் பற்றவே கூடாது. இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். காய்ந்த பேரிங் மேல் எஞ்சின் ஓடும் முதல் சில விநாடிகளுக்கு என்ன விலை என்பது பிறகுதான் தெரியும்.

ஆயில் விஷயத்தில் 'நல்லதிலேயே நல்லது' என்று இன்றைய கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் ஆயிலை ஊற்றுவதும் தவறுதான். தட்டையான டேப்பட் உள்ள பழைய எஞ்சின்களில், வால்வைத் திறக்கும் கேம் தேயாமல் காப்பது ஆயிலில் இருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். புதிய ஆயில்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள். காரின் கையேடு 20டபிள்யூ-50 (ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண்) என்றால் பழைய கார்களுக்கென்றே வரும் அந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் கையால் திருப்புவதற்கு முன்பே நில்லுங்கள். போர்ஷே 944, ஃபெராரி 308 போன்றவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 'போன உரிமையாளர் மாற்றிவிட்டு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை' என்ற பேச்சு இங்கே செல்லாது. பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வயதும் ஏறும். பல ஆண்டு ஒரே இடத்தில் மடிந்து நின்ற பெல்ட்டை மாற்றாமல் எழுப்புவது சூதாட்டம்.

ஓடுவதைப் பார்த்துவிட்டு, நிற்குமா என்று பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் எஞ்சினைவிட முதலில் கைவைக்க வேண்டியது பிரேக்கில். எஞ்சின் ஓடாவிட்டால் கார் நின்ற இடத்தில்தான் நிற்கும். பிரேக் அப்படியில்லை.

நின்ற காரில் பிரேக் பெடலை மிதித்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கால் போகும். மிதிக்காதீர்கள். பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போய்வரும் பகுதி மட்டும்தான் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துரு. பெடலை அடிவரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழியும். அன்றைக்குப் பெடல் கெட்டியாகவே இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு சிக்னலில் அது மெதுவாகத் தரை வரை இறங்கும்.

அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு இரட்டைச் சுற்று பிரேக் 1968-ல் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களில் ஒரே சுற்றுதான்: ஒரு சீல் போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. உங்கள் கார் எந்த வகை என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை, டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்தபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். பல ஆண்டு கிடந்த ஆயில் அதற்கும் கீழே போயிருக்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், பெடலுக்கடியில் இருப்பது வெறும் காற்று. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுங்கள். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் பலரை மாட்டிவிடுகிறது. டாட் 5 சிலிக்கான். டாட் 3, டாட் 4 இரண்டோடும் சேராது. டாட் 5.1 என்பது அந்த டாட் 4 குடும்பம்தான், சிலிக்கான் அல்ல. சிட்ரோயன் எஸ்எம் வைத்திருப்பவர்கள் இரண்டையுமே மறந்துவிட வேண்டும். அந்தக் காரின் ஹைட்ராலிக்கில் ஓடுவது பச்சை நிற மினரல் ஆயில். சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் போச்சு.

ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே அழகாக இருந்துகொண்டே உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே சுற்றும். காலிப்பர் பிஸ்டன் துருவில் இறுகினாலும் இதேதான் நடக்கும். ஹோஸ்களைச் சோதித்து நேரத்தை வீணாக்குவதைவிட மாற்றிவிடலாம்.

ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்திய காரில் பின்சக்கர ஷூக்கள் டிரம்மோடு ஒட்டியிருக்கும். டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும். திறந்த பிறகு உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அதற்கும் இதே கவனம் தேவை.

கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருப்பதும் சகஜம். கிளட்ச் பெடலை அழுத்தியபடி கட்டையால் முட்டுக்கொடுத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; அவசரப்பட்டுக் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்தால் கியர் பாக்ஸுக்கும் சேர்த்து வேலை வரும்.

டயரைக் கண்ணால் எடைபோடுவது

2013 நவம்பரில் நடிகர் பால் வாக்கர் பயணியாக இருந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தில் சிக்கி அவர் இறந்தார். விசாரணை அதிவேகத்தையே காரணமாகச் சொன்னது. கூடவே டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும் குறித்தது. அது யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த கார் அல்ல. டயர் பட்டன்கள் அப்படியே இருக்கலாம், பளபளவென்றும் இருக்கலாம், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெறும் மூன்று இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது. அதில் ரோட்டுக்கே போகக்கூடாது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

சின்னதாகத் தெரிபவை

1967 வரை வந்த எம்ஜிபி மாதிரி சில பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டாதீர்கள். எலி கடித்த ஒயர் எங்கே இருக்கிறது என்று தேடாமல் பேட்டரி கொடுப்பதும் வேண்டாம். கூலன்டை வடித்து ரேடியேட்டர் ஹோஸ்களை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் விலை குறைவு. அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பளபளப்பாக்கும் ஆசை இன்னொன்று. பிரான்சில் பல பத்தாண்டுகள் கிடந்த பையோன் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து ஒரு 1961 ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், 2015 பிப்ரவரியில் தூசியோடு ஏலத்துக்கு வந்து 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. எல்லாக் காரும் அது அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் கழுவி, பாலிஷ் போட்டு, பழைய சீட்டைத் தூக்கி எறிவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். முழுவதையும் பிரித்துப்போட்டு, டப்பாக்களில் வைத்து, அப்படியே இன்னொரு பத்து வருடம் விட்டுவிடுபவர்கள் தனி ரகம்.

வெளியே எடுத்த பிறகு

முதல் நாளே நீண்ட பயணம் போகாதீர்கள். ஐந்து கிலோமீட்டர், போக்குவரத்து இல்லாத ரோடு, வீட்டைச் சுற்றியே. ஆயில் சூடாகும் வரை எஞ்சினை விரட்டாதீர்கள். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு இன்னும் நேரம் வேண்டும். எஞ்சின் சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கார் ஓட்டிப் பழகிய கால்களுக்கு இது வேறு விலங்கு. ஏபிஎஸ் இல்லை, அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு) இல்லாத காரில், வண்டி நகரும்போது முதல் கியரைத் திணித்தால் பற்கள் கதறும். எஞ்சின் பின்னால் இருக்கும் பழைய போர்ஷே 911-ல் வளைவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் ஸ்விங் ஆக்ஸில் என்ற பின்சக்கர அமைப்புக்கும் அதே குணம் உண்டு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டால் இரண்டுமே சாது.

ஓட்டாத மாதங்களில் வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. எஞ்சின் முழுதாகச் சூடாகாது, எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அதற்குப் பதில் ஓட்டாமலே விடலாம், அல்லது அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டலாம்.

முதல் ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில், தொடாமல், உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். கடைசியாக டார்ச்சோடு குனிந்து, நீங்கள் கிளம்பும்போது காருக்கடியில் விரித்த அட்டையில் புதிதாக ஏதாவது சொட்டியிருக்கிறதா, அதன் நிறம் என்ன என்று பாருங்கள்.