குழந்தை உரிமை அமைப்பில் தன்னார்வலர் குழுவை நடத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் குழந்தை உரிமைக்காக இயங்கும் அமைப்புகளில் மாலைநேர மையம், இடைநின்றவர்களைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது, குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது என்று பல வேலைகள் தன்னார்வலர்களை நம்பியே நடக்கின்றன. அவர்களை வழிநடத்தும் ஒருங்கிணைப்பாளர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, யார் எதுவரை போகலாம், எந்த இடத்தில் நின்று ஒப்படைக்க வேண்டும் என்பதை. இந்த எல்லை தெரியாத குழுவில் நல்ல மனம் உள்ளவராலேயே குழந்தைக்குக் கெடுதல் வந்துவிடும்.

ஒரு ஒருங்கிணைப்பாளருக்கு எட்டு முதல் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரிடமும் வாரம் ஒருமுறை பேச நேரம் இருக்காது. சேருகிறவரிடம் அடையாள அட்டை நகலும், அவரை அறிந்த இருவரின் எண்ணும் வாங்குங்கள். அந்த இருவரையும் கட்டாயம் அழைத்துப் பேசுங்கள். பல அமைப்புகள் எண்ணை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு சரி. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். தன்னார்வலருக்கும் அதே அளவுகோலை வையுங்கள். குழந்தையோடு மூடிய அறையில் தனியே இருப்பதில்லை, பணமோ பரிசோ கொடுப்பதில்லை, சொந்தக் கைப்பேசியில் படம் எடுப்பதில்லை என்ற நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்கிய பிறகே களத்துக்கு அனுப்புங்கள். முதல் நான்கு அமர்வுகளில் பழையவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

அதிகம் பயிற்சி தர வேண்டியது, ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு. தன்னார்வலர் அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்றால் போதும். "மாமாதானே செய்தார்?" என்பதுபோல் பதிலை வாயில் வைக்கும் கேள்விகள் பிறகு வழக்கையே பலவீனப்படுத்தும். விவரம் தோண்டுவது விசாரணை அதிகாரியின் வேலை. பேச்சு முடிந்ததும் குழந்தையின் சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு, தன் கருத்தைக் கலக்காமல் எழுதி உடனே ஒருங்கிணைப்பாளரிடம் தர வேண்டும்.

அதன் பிறகு தாமதம் கூடாது. போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் அலகிலோ உள்ளூர் காவல் நிலையத்திலோ சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் அந்த அழைப்போடு கடமை முடிந்தது என்று விட்டுவிடாமல் காவல் துறைக்குத் தகவல் போனதை உறுதிசெய்யுங்கள். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. "முதலில் உள்ளுக்குள் விசாரித்துப் பார்ப்போம்" என்று நிர்வாகக் குழு சொன்னாலும் ஒருங்கிணைப்பாளர் அசையக் கூடாது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்பதைக் குழுவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் பதிவுசெய்ய வேண்டும் என்ற பிரிவு 24ஐயும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிலையத்துக்கு அழைத்துவரச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

குழந்தைத் திருமணத் தகவல் வரும்போது நடக்கும் தவறு வேறு வகை. ஆர்வத்தில் தன்னார்வலரே பெண் வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்வார். மறுநாளே திருமணத் தேதியை முன்தள்ளி வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டிவிடுவார்கள். வீட்டுப் படி ஏறுவதற்கு முன் 1098க்கும், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் சொல்லுங்கள். நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போட்ட பிறகு அதை மீறி நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் முகூர்த்தத்துக்கு முந்தைய ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கழிப்பறை, பேருந்து, சாதிச் சான்று போன்ற கோரிக்கைகளைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை. ஒப்புகைச் சீட்டு எண்ணைப் பதிவேட்டில் எழுதி, அதைத் தொடர ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற மனு கிடப்பில்தான் கிடக்கும்.

வாட்ஸாப் குழுவில் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதுவும் வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. "குழந்தை 7" என்பதுபோல் குறியீடு வைத்துப் பேசுங்கள். பெயரும் குறியீடும் சேர்ந்த பட்டியல் பூட்டிய அலமாரியில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

இரு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் குழுவாகக் கூடுங்கள். கடுமையான ஒரு வழக்கைப் பார்த்தவரிடம் இரண்டு நாளுக்குள் தனியாகப் பேசுங்கள். தூக்கமில்லை என்பவர், குழந்தைகள் மேல் எரிந்து விழுபவர், ஒரே குழந்தையைத் தன்னால் மட்டுமே காப்பாற்ற முடியும் என்று நம்பத் தொடங்குபவர், இவர்களுக்குக் கொஞ்ச காலம் அலுவலக வேலை கொடுங்கள்.

விலகுகிறவர் இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைந்தால், ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்ட குழந்தைக்கு அது இன்னொரு கைவிடல். கடைசி நாளில் புதியவரை அவரே குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யட்டும். குறிப்பேடுகள், சாவி, அடையாள அட்டையைத் திரும்ப வாங்கி, அன்று மாலையே வாட்ஸாப் குழுவிலிருந்தும் அவர் எண்ணை நீக்குங்கள்.