டைம் டிரையல் இருக்கிறது என்பதற்காகப் பெயர் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் சைக்கிள் பழகியவர்களுக்குத் தனியாக ஓட்டுவது கைவந்த கலை. சமதளம், லாரி குறைவு, இரண்டு பக்கமும் செம்பனை நின்று காற்றை மறைக்கும். கடிகாரத்தை மட்டும் பார்த்து மிதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பல நாள் பந்தயம் ஒன்றை (தினம் ஒரு கட்டம், எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைவானவருக்கு வெற்றி) தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பையன்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, அட்டவணையில் ‘டைம் டிரையல்’ (ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாகக் கடிகாரத்தோடு மோதும் கட்டம்) என்ற வரியைப் பார்த்ததும் மற்ற எதையும் படிக்காமல் பெயர் கொடுப்பது. எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். நீங்கள் மணிக்கு 48 கிலோமீட்டர், உங்கள் போட்டியாளர் 47 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் ஓடினால் அவரைவிட 64 விநாடி முந்துவீர்கள். அதே வேகத்தில் 10 கிலோமீட்டருக்கு வெறும் 16 விநாடிதான். பெரிய பந்தயங்களில் சாதாரணக் கட்டங்களின் முதல் மூவருக்கு மொத்த நேரத்தில் 10, 6, 4 விநாடி கழித்துக்கொடுப்பது வழக்கம். டைம் டிரையலில் அந்தச் சலுகை இல்லை. ஒரு ஸ்பிரிண்டர் (முடிவுக் கோட்டை நோக்கிக் கடைசியில் பாய்கிறவர்) இரண்டு நாள் ஜெயித்தால் போதும், உங்கள் 16 விநாடி காணாமல் போய்விடும்.

2012 டூர் டி பிரான்ஸில் டைம் டிரையல் எல்லாம் சேர்ந்து 101 கிலோமீட்டர். நீளமான இரண்டையும் பிராட்லி விக்கின்ஸ் வென்றார், பந்தயமும் அவருக்கே போனது. 2015இல் தனிநபர் டைம் டிரையல் மொத்தமே 13.8 கிலோமீட்டர். அதை வென்ற ரோகன் டென்னிஸ், மொத்தப் பந்தயத்தில் முதலிடம் வகிப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை மறுநாளே இழந்தார். அதற்காக டென்னிஸ் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டம், ஒரு நாள் மஞ்சள் ஜெர்சி என்ற கணக்கில் போனால் அது அருமையான அறுவடை. மொத்தப் பந்தயத்தை ஜெயிக்கப் போகிறோமா, ஒரு கட்டத்தையா என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் கிளம்புவதுதான் பிழை.

அடுத்தது மலை. நம் பக்கத்தில் இது கொஞ்சம் விசேஷமான தவறு. “அண்ணே, நான் தாப்பாவிலிருந்து கேமரன் மலை வரைக்கும் நிற்காம ஏறிட்டேன், கெந்திங் மலை என்ன பெரிசு?” என்று கேட்கிற தம்பிகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். சராசரி நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி வளைவு வளைவாகப் போனாலும், கனமான உடம்புக்காரர் ஒரே சீராக மிதித்தே ஏறிவிடலாம். கெந்திங் அப்படியில்லை. வழியிலுள்ள கோத்தோங் ஜெயாவுக்கு மேலே சாலை நிமிர்ந்து நிற்கும். அங்கே எடைதான் பேசும். 80 கிலோ ஆள் 400 வாட் (மிதிக்கும் சக்தியின் அளவு) கொடுத்தால் கிலோவுக்கு 5 வாட். 62 கிலோ ஆள் 341 வாட் கொடுத்தாலே கிலோவுக்கு 5.5. சமதளத்தில் அந்த 62 கிலோக்காரரைப் பந்தாடுகிறவர், ஒரு மணி நேர ஏற்றத்தில் நூற்றுக்கு ஐந்து மெதுவாகப் போனாலே மூன்று நிமிடம் போச்சு. 64 விநாடி சம்பாதித்து 180 விநாடி கடன் வாங்குகிற வியாபாரம்!

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2012 லங்காவி சுற்றுப்பயணப் பந்தயம் புத்ராஜெயாவில் 20 கிலோமீட்டர் சொச்ச டைம் டிரையலோடு தொடங்கியது. வென்றவர் அமெரிக்காவின் டேவிட் ஸாப்ரிஸ்கி. கெந்திங் கட்டத்தையும் மொத்தப் பந்தயத்தையும் கொண்டுபோனவர் கொலம்பிய மலையேற்றக்காரர் ஹோசே செர்பா.

டைம் டிரையலே மலையில் முடிகிறதா என்றும் பாருங்கள். 2020 டூர் டி பிரான்ஸில் 36.2 கிலோமீட்டர் டைம் டிரையல் லா பிளான்ஷ் தே பெல் ஃபீ மலையுச்சியில் முடிந்தது. முன்னாள் உலக டைம் டிரையல் சாம்பியன் டாம் டூமூலாங் இரண்டாவதாக வந்தார். அதை வென்ற போகாச்சர் அவரைவிட 1 நிமிடம் 21 விநாடி வேகம். பாதைப் படத்தில் உயரக் கோடு எங்கே எகிறுகிறது என்று பார்க்காமல் தூரத்தை மட்டும் படித்தால் இதுதான் நடக்கும்.

டைம் டிரையல் எந்த நாளில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் கடைசி நாள்தான் லாபம். 2017 ஜீரோ டி இத்தாலியாவில் அதே டூமூலாங் கடைசி நாள் காலையில் 53 விநாடி பின்தங்கி நான்காவது இடத்தில் இருந்தார். மொன்சாவிலிருந்து மிலானுக்கு 29.3 கிலோமீட்டர் ஓடி, 31 விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தையே வென்றார். முதல் நாளே முந்தினால், அந்த முதலிடத்தைக் காக்க மிச்ச நாளெல்லாம் உங்கள் அணி கூட்டத்தின் முன்னால் நின்று இழுக்க வேண்டும். அதற்கு ஆள்பலம் இல்லாத அணி நொந்துபோகும். இரண்டு முனையிலும் டைம் டிரையல் இருந்தால் அது வேறு கதை: 2009 சுவிட்சர்லாந்து சுற்றில் ஃபாபியன் கான்செலாரா முதல் நாளும் கடைசி நாளும் வென்று பந்தயத்தையும் எடுத்தார்.

சைக்கிள் விஷயம் சுருக்கமாக: சில பந்தயங்களில் டைம் டிரையல் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, சாதாரண ரோடு சைக்கிள்தான். விமானத்தில் இரண்டாவது சைக்கிள் பெட்டிக்குக் காசு கட்டும் முன் பந்தயக் கையேட்டைப் படியுங்கள்.

புறப்படும் நேரத்தையும் கேளுங்கள். காலை ஏழரைக்குப் பனி விலகும்போது தோட்டச் சாலையில் எடுத்த நேரத்தைப் பிற்பகல் மூன்று மணி வெயிலில் எதிர்பார்க்க முடியாது. பந்தயத்தின் நடுவில் வரும் டைம் டிரையலில் பட்டியலின் கடைசி ஆள் முதலில் கிளம்புவார், முதலிடக்காரர் கடைசியில். பேராக்கில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால், பின்தங்கிய ஆள் காய்ந்த சாலையில் ஓடி முடித்திருப்பார், முன்னணியில் இருப்பவர் நனைந்த வளைவில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பார். கட்ட வெற்றிக்கு மட்டும் குறிவைக்கிறவர், முந்தைய நாள் மலையில் வீணாகப் போராடாமல் பின்தங்கிக் கொள்வதில் தப்பே இல்லை.