தேசிய ஒரிகாமிச் சங்கம்: முதலில் தாளைச் சரிசெய்யுங்கள்

காகித மடிப்புச் சங்கம் தொடங்க நினைப்பவர்கள், தலைவர் யார், பொருளாளர் யார் என்பதில்தான் முதல் கூட்டத்தைச் செலவழிக்கிறார்கள். அது ஒரு மாதம் பொறுக்கும். மட்டக்களப்பு, கல்முனை, யாழ்ப்பாணம், கண்டிக் கிளைகள் ஒன்றாக வேலைசெய்ய வேண்டுமானால், சதுரத் தாளின் அளவையும் படங்களில் போடும் குறியீட்டையும் முதல் நாளே முடிவாக்குங்கள்.

தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ3 போதும். 297 × 420 மி.மீ. தாளில் 138 மி.மீ. சதுரம் ஆறு கிடைக்கும். 140 மி.மீ. என்றாலும் ஆறு வரும். ஆனால் நீளவாட்டில் ஓரம் சீராக்க மிச்சமே இராது. 25 பேர் வரும் கூட்டத்துக்குத் தலைக்கு 8 என்று 200 சதுரம், அதாவது 34 ஏ3 தாள். அச்சகத்தில் வெட்டக் கொடுக்கும்போது ஒரு தடவைக்கு 100 தாளுக்கு மேல் அடுக்க வேண்டாமென்று சொல்லுங்கள். அடுக்கு உயர்ந்தால் கத்தி இறங்கும்போது தாள் இழுபட்டு, மேல் தாள் ஓர் அளவாகவும் அடித்தாள் இன்னோர் அளவாகவும் வரும். வாங்கும்போதே மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து மூலைவிட்டமாக மடித்துப் பாருங்கள். ஓரம் ஒரு மி.மீ. வெளியே தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அந்த ஒரு மி.மீ. கொக்கின் கழுத்துக்குப் போகும்போது கூர் பிளந்து நிற்கும்.

இங்கே காலநிலையும் பார்க்க வேண்டும். மாரி மழையில் தாள் ஈரமுறிஞ்சித் தளரும், போட்ட மடிப்பு நிற்காது. கிழக்கில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தாள் காய்ந்து ஓரம் சுருளும். ஒருபக்கம் மை அச்சிட்ட நிறத்தாள் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

குறியீடு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954 இல் வெளியிட்ட முறை, பின்னர் அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட் முதலானோர் கைபட்டு உலகெங்கும் பொதுவாகிவிட்டது. பள்ள மடிப்புக்கு (முன்பக்கம் மடிப்பது) சிறுகோடுகள், மேட்டு மடிப்புக்கு (பின்பக்கம் மடிப்பது) கோடும் புள்ளியும். தமிழ்க் கிளை வரைந்த படத்தைச் சிங்களக் கிளை அப்படியே மடிக்கும். அதனால் சங்கத்தின் சஞ்சிகைக்கு வரும் படத்தை, எழுத்தையெல்லாம் மறைத்துவிட்டு ஒருவரை மடிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே ஒரு படம் குறைகிறது.

கூட்டத்துக்குப் போயா (முழுநிலவு) விடுமுறை நல்லது, நாடு முழுக்க ஒரே நாள். நோன்பு மாதத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு மேசைக்கு ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு கற்பிப்பவர், அவர் கையில் ஒருபக்கம் நிறமுள்ள 40 செ.மீ. தாள். அவர் மேசைக்கு எதிரே நின்றால் பார்ப்பவருக்கு இடம் வலம் மாறிவிடும். கொக்குக்கு அது பரவாயில்லை, சொனோபே அலகில்தான் (பலவற்றை ஒன்றோடொன்று செருகிப் பந்து செய்யும் மடிப்புத் துண்டு) வேலையைக் கெடுக்கும்.

கிளைகள் சேர்ந்து செய்ய 30 சொனோபே அலகு சேர்ந்த பந்தைவிட நல்ல வேலை எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்து ஏ3 தாளில் 30 சதுரம். ஆறு தாள் வெட்டினால் ஆறு அலகு கையிருப்பு. ஆனால் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராய் மடித்த வலக்கை அலகும் இடக்கை அலகும் ஒன்றோடொன்று பூட்டாது. கிளைகளிலிருந்து வந்த ஒவ்வோர் அலகையும், பைகள் (மற்ற அலகைச் செருகும் இடம்) உள்ள பக்கம் மேலே பார்க்க, மாதிரி அலகின்மேல் வைத்துப் பாருங்கள். சரிவு எதிர்ப்புறம் போனால் அது மற்றக் கை அலகு. பிரித்துத் திருப்பி மடித்தால் பழைய மடிப்புகள் தாளைத் தளர்த்தும், ஆகவே புதுத் தாள் எடுங்கள். கோர்க்கும்போது மூன்று அலகுக்கு ஒரு கூம்பு, கூம்புகளின் அடிகள் கூடும் ஒவ்வொரு சந்தியையும் சுற்றி ஐந்து கூம்பு. ஓரிடத்தில் நான்கோடு மூடிவிட்டால் கடைசியில் பந்து மூடாது. பாதியில் நின்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சஞ்சிகையில் மரபு வழிவந்த கொக்கு, படகு, பெட்டி ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம். இன்றைய கலைஞரின் வடிவமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நீடிக்கும். நாமே புதிதாக வரைந்துவிட்டோம் என்பது சாட்டாகாது.

பிறகு யாப்பு, அதாவது சங்கத்தின் விதிகள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதபடி எழுதுங்கள். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இருக்கட்டும். கணக்குத் திறக்கத் தீர்மானம் எழுதிய கூட்டறிக்கையும் தேவைப்படும். சந்தா சனவரி முதல் டிசம்பர் வரை எல்லோருக்கும் ஒன்றே. ஆவணியில் சேர்ந்தவருக்கு அந்த ஆண்டின் முன்னைய இதழ்களைக் கொடுத்துவிடுங்கள், புதுப்பிக்கும் திகதி ஆளுக்கொன்றாகச் சிதறாது.

வெளி மாவட்டக் கிளைகளுக்குத் தாள் அனுப்பும்போது, 100 சதுரத்தைப் பொலித்தீன் பையிலிட்டு ஒட்டி, அதைவிடச் சற்றுப் பெரிய இரு காட்போட் துண்டுகளுக்கிடையே வைத்துக் கட்டுங்கள். காட்போட் தாளின் அளவே இருந்தால் தபாலில் முதலில் நசுங்குவது மூலைகள்தான்.