அறுபதைத் தாண்டியவர்களின் இறப்பு விகிதம்: அன்றையும் இன்றையும் எப்படி ஒப்பிடுவது?

காட்பாடி ரோட்டில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பெரியப்பா சொல்லுவார்: "இன்னாடா இது, பெரியவங்க முன்ன மாதிரி தாங்கறதே இல்ல. வாரத்துக்கு நாலு பேரு போயிடறாங்க." அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அதனால் "அப்படியெல்லாம் இல்லை பெரியப்பா" என்று வாயால் சொன்னால் எடுபடாது, கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். ஒரு நோட்டும் எக்செலும் போதும், சதவீதம் போடத் தெரிந்தால் நீங்களும் போடலாம்.

படி 1: எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

"வேலூர் மாவட்டம்" என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. எந்த வருஷத்து வேலூர்? இன்றைய வேலூர் முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது; சித்தூரும் 1911 வரை அதில்தான் இருந்தது. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2011 கணக்கெடுப்பு சொல்லும் 39 லட்சம் சொச்சம் மக்கள்தொகை பழைய பெரிய வேலூர் மாவட்டத்துக்கு உரியது. அதை வைத்து இன்றைய மாவட்டத்தின் இறப்புகளை வகுத்தால், பெரியவர்கள் யாரும் சாவதே இல்லை என்பது போல ஒரு விடை வரும்.

மாநகராட்சியை எடுத்தாலும் இதே சிக்கல்தான், சத்துவாச்சாரி போன்ற பகுதிகள் அதில் பிற்பாடு சேர்ந்தவை. எல்லை மாறாத நாலைந்து ஊராட்சிகளை எடுத்துக்கொள்வதுதான் தொடக்கத்துக்கு நல்லது.

படி 2: இறப்புகளை எண்ணுங்கள், ஆனால் யாருடையதை?

வேலூரில் பலர் வழுக்குவது இங்கேதான். நம் நாட்டில் இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருவது ஊருக்கே தெரியும், காட்பாடி ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நின்றால் போதும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் வெளியூர்க்காரர்களின் இறப்பும் சேர்ந்தே பதிவாகும். அவர்கள் நம் மக்கள்தொகையில் இல்லை. ஆகவே பதிவில் 'வழக்கமான வசிப்பிடம்' என்ற விவரத்தைப் பார்த்து, நம் ஊர்க்காரர்களை மட்டும் எடுங்கள். நம் ஊர்க்காரர் சென்னையில் இறந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

இன்னொன்று. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் வீட்டில் இறந்த ஒரு பாட்டிக்குப் பழைய காலத்தில் யார் போய்ப் பதிந்தார்கள்? வாரிசு சான்றிதழோ, பட்டா மாற்றமோ, இன்சூரன்ஸோ வேண்டும் என்றால்தான் விஏஓவைத் தேடுவார்கள். பதிவு கூடக்கூட, சாவு கூடியது போலவே பட்டியல் காட்டும். இதைச் சரிபார்க்கப் பழைய ஆட்களிடம் கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு தெருவை எடுத்து, யார் யார் எப்போது போனார்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டு, பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஎம்சியின் சமூக சுகாதாரத் துறை கணியம்பாடி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஊழியர்கள் ஊருக்குள் போய்ப் பிறப்பு இறப்பைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

பதிந்த தேதியை விட்டுவிட்டு இறந்த தேதியைக் குறியுங்கள்.

படி 3: பகுதியைக் கண்டுபிடியுங்கள்

இறப்புகள் தொகுதி (பின்னத்தின் மேல் எண்) என்றால், அந்த வயதில் உயிரோடு இருந்தவர்கள் பகுதி (கீழ் எண்). வழக்கமாக ஆண்டின் நடுவில், அதாவது ஜூலை 1 வாக்கில் இருந்த எண்ணிக்கையை எடுப்பார்கள். கணக்கெடுப்பு வருஷங்களுக்கு இடையில், இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை வருஷவாரியாகச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-க்குப் பிறகு நாம் போடும் எந்தப் பகுதியும் மதிப்பீடுதான். அதை அட்டவணையிலேயே எழுதி வைத்துவிடுங்கள், அப்புறம் மறந்துபோகும்.

வயதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. "அப்பாவுக்கு என்ன வயசு?" என்றால் "எழுபது இருக்கும் சார்" என்பதுதான் பதில். 60, 65, 70 என்று முழு எண்களில் ஆட்கள் குவிவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பலருக்குப் பிறந்த தேதி. அதனால் ஒவ்வொரு வயதாகப் பிரிக்காமல் பத்துப் பத்து வருஷமாகப் பிரிப்பது பரவாயில்லை.

படி 4: விகிதம் போட்டு, அதை நம்பாமல் இருங்கள்

கீழே இருப்பவை விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள், எந்த ஊரின் கணக்கும் இல்லை.

முன்பு:
60–69: 3000 பேர், 60 இறப்பு, ஆயிரத்துக்கு 20
70–79: 1500 பேர், 75 இறப்பு, ஆயிரத்துக்கு 50
80+: 500 பேர், 60 இறப்பு, ஆயிரத்துக்கு 120
மொத்தம்: 5000 பேர், 195 இறப்பு, ஆயிரத்துக்கு 39

இப்போது:
60–69: 3500 பேர், 63 இறப்பு, ஆயிரத்துக்கு 18
70–79: 2500 பேர், 115 இறப்பு, ஆயிரத்துக்கு 46
80+: 1500 பேர், 168 இறப்பு, ஆயிரத்துக்கு 112
மொத்தம்: 7500 பேர், 346 இறப்பு, ஆயிரத்துக்கு 46.1

மொத்த வரியை மட்டும் பார்த்தால் 39 என்பது 46 ஆகிவிட்டது. பெரியப்பா ஜெயித்துவிட்டார். ஆனால் மேலே உள்ள மூன்று வரிகளைப் பாருங்கள், மூன்றிலும் விகிதம் குறைந்திருக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது கூட்டலில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். கூட்டல் சரிதான். 'அறுபதுக்கு மேல்' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டியதில் இருக்கிறது வினை. வயது ஏற ஏற இறக்கும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதில்லை, பெருகிக்கொண்டே போகிறது. 1825-ல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதர் இதைக் கவனித்துச் சொன்னார். சுமார் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்பது இன்றைய தோராயக் கணக்கு. என் எண்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஏறுகின்றன. முன்பு மூட்டைக்குள் பத்தில் ஒருவர் எண்பதைத் தாண்டியவர், இப்போது ஐந்தில் ஒருவர். சாகாமல் இருந்து எண்பதைத் தொட்டவர்களே மொத்த விகிதத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

படி 5: வயதைச் சமமாக்குங்கள்

இதற்கு வயதுத் தரப்படுத்தல் என்று பெயர். இன்றைய விகிதங்களை அன்றைய ஆட்கள்மேல் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அன்றைய 3000, 1500, 500 பேர் இன்றைய விகிதத்தில் இறந்திருந்தால் எத்தனை இறப்பு?

3000 × 18 ÷ 1000 = 54
1500 × 46 ÷ 1000 = 69
500 × 112 ÷ 1000 = 56

கூட்டினால் 179. அதை 5000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 35.8. இப்போது 39-ஐயும் 35.8-ஐயும் பக்கத்தில் வைக்கலாம், சுமார் 8 சதவீதம் குறைவு. எக்செலில் சம்ப்ராடக்ட் என்ற ஃபார்முலா இதை ஒரே வரியில் செய்துவிடும், ஆனாலும் முதல் தடவை கையால் போடுங்கள்.

அன்றைய ஆட்களைத்தான் அளவாக வைக்க வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது மக்கள்தொகை அளவைத் தருகிறது. அதில் 60–69 வயதினர் 6.68 சதவீதம், 70–79 வயதினர் 3.73, எண்பதும் அதற்கு மேலும் 1.54. இதை வைத்து அதே கணக்கைப் போட்டால் (கடைசியில் மூன்றின் கூட்டலான 11.95-ஆல் வகுக்க வேண்டும்) 42.3, 38.9 என்று வரும். எண் மாறுகிறது, ஆனால் குறைவு அதே 8 சதவீதம்தான். ஆகவே தரப்படுத்திய விகிதத்தைத் தனியாக எடுத்து "எங்க ஊரில் ஆயிரத்துக்கு இத்தனை பேர் இறந்தார்கள்" என்று சொல்லாதீர்கள். ஒப்பிடுவதற்கு மட்டும்தான் அது.

படி 6: தற்செயலைக் கழியுங்கள்

195 இறப்பு என்பது ஒரு வருஷத்தில் நடந்தது. அடுத்த வருஷம் ஒன்றுமே மாறாவிட்டாலும் அதே 195 வராது. தோராய விதி: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, இரு பக்கமும் விடுங்கள். 195-க்கு வர்க்கமூலம் சுமார் 14, ஆக 28 கூடலாம், 28 குறையலாம். நம் 179 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது! ஒரு வருஷக் கணக்கை வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்ல முடியாது.

ஐந்தைந்து வருஷத்தைச் சேர்த்தால்? விகிதங்கள் அப்படியே இருந்தால் 975-க்கு எதிரே 895. வித்தியாசம் 80. இரண்டு காலத்தின் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் (895 என்பது இன்றைய பெரிய கூட்டத்திலிருந்து சுருக்கிய எண், அதனால் அதன் ஆட்டம் கொஞ்சம் குறைவு) 78 வரை தற்செயலாகவே வரலாம். மயிரிழையில் தாண்டுகிறது. சின்ன ஊருக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐந்து வருஷத்தைச் சேர்க்கும்போது 2020-ஐயும் 2021-ஐயும் உள்ளே கலக்காமல் தனியாக வைத்துப் பாருங்கள். கொரோனா வருஷத்தை அடிப்படையாக வைத்தால் அதற்குப் பிறகு எல்லாமே முன்னேற்றமாகத் தெரியும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பெரியப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருக்கலை எல்லாம் சரிபார்த்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சரிடா, ஆம்பள பொம்பள ரெண்டையும் ஒண்ணாவா போட்ட?"

ஒன்றாகத்தான் போட்டிருந்தேன். எண்பதைத் தாண்டினால் பாட்டிகள்தான் அதிகம். மூட்டையை வயதால் அவிழ்த்தவன் அதை மட்டும் அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதே அட்டவணையை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.