கொழும்பு மாவட்டத்தின் ஆசனக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், எஞ்சிய 29 தேசியப் பட்டியலிலிருந்தும் நிரப்பப்படுகின்றன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்த இந்த விகிதாசார முறையில் முதலாவது பொதுத்தேர்தல் 1989இல்தான் நடைபெற்றது. தேர்தல் இரவில் மத்திய கொழும்பு, வடகொழும்பு, பொரளை என்று தொகுதி தொகுதியாக முடிவுகள் அறிவிக்கப்பட்டாலும், தொகுதிக்கென்று உறுப்பினர் எவரும் தெரிவாவதில்லை. மாவட்டத்தின் இறுதி முடிவு வெளிவந்த பின்னரே கணக்கைத் தொடங்க முடியும்.

2024 நவம்பர் 14 தேர்தலையே எடுத்துக்கொள்வோம். கொழும்புக்கு 18 ஆசனங்கள்; செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 49 ஆயிரம். முதல் வேலை, இதில் 5 சதவீதத்தைக் கண்டுபிடிப்பது. அந்த வெட்டுப்புள்ளி சுமார் 57,450 ஆகும். அதற்குக் கீழே நின்ற கட்சிகளையும் சுயேச்சைக் குழுக்களையும் நீக்கிவிடுங்கள். 51,020 வாக்குகள் பெற்ற புதிய ஜனநாயக முன்னணியும் இவ்வாறே விலக்கப்பட்டது. எஞ்சியவை தேசிய மக்கள் சக்தியின் 788,636 வாக்குகளும் ஐக்கிய மக்கள் சக்தியின் 208,249 வாக்குகளும் மாத்திரமே. இரண்டும் சேர்ந்து 996,885.

அடுத்து, முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்றை ஒதுக்கிவிட்டு, 996,885ஐ எஞ்சிய 17ஆல் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும். 58,641 கிடைக்கும். இந்த எண் தேசிய மக்கள் சக்தியின் வாக்குகளில் 13 தடவையும், ஐக்கிய மக்கள் சக்தியின் வாக்குகளில் 3 தடவையும் அடங்கும். இன்னும் ஓர் ஆசனம் மீதமிருக்கிறது. அது மிகப்பெரிய மீதியை உடையவருக்குரியது: முன்னவரின் மீதி 26,303, பின்னவருடையது 32,326. ஆக, போனஸையும் சேர்த்து முடிவு 14க்கு 4.

ஏறத்தாழ 69 சதவீத வாக்குகளுக்கு 78 சதவீத ஆசனங்கள் கிடைத்ததற்குப் போனஸ் ஆசனத்தைக் குறைகூறுவோர் பலர். ஆனால் போனஸே இல்லாமல் 18ஆல் வகுத்துப் பாருங்கள். அப்போதும் 14க்கு 4 என்றே வரும். கொழும்பில் விகிதத்தைப் புரட்டியது வெட்டுப்புள்ளிதான்: சிறு பட்டியல்களிடையே சிதறிய ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் வாக்குகள் மாவட்டக் கணக்கிலிருந்தே வெளியேறிவிட்டன. போனஸின் வலிமையை அறிய, நான்கே ஆசனங்களைக் கொண்ட திருகோணமலை போன்ற மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். (இந்த வெட்டுப்புள்ளி தொடக்கத்தில் 12.5 சதவீதமாக இருந்து, 1988இல்தான் 5ஆகக் குறைக்கப்பட்டது.)

மாவட்டத்தில் நீக்கப்பட்ட வாக்குகள் முற்றாக வீணாவதில்லை. தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள் நாடளாவிய வாக்கு விகிதப்படி பகிரப்படும்போது அவையும் எண்ணப்படுகின்றன. எந்த மாவட்டத்திலும் வெல்லாத சர்வஜன அதிகாரம் என்ற கூட்டணி 2024இல் ஓர் ஆசனம் பெற்றது அவ்வழியேதான்.

கட்சிக்குரிய ஆசனங்களில் யார் அமர்வது என்பதை, வாக்காளர் தாம் தெரிவுசெய்த கட்சியின் பட்டியலிலுள்ள மூவர் வரைக்கு அளிக்கக்கூடிய விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பட்டியலிலும் ஆசன எண்ணிக்கையைவிட மூவர் கூடுதலாக இருப்பர். கொழும்பில் 21 பேர். மாவட்டம் முழுவதும் பரந்த ஆதரவுள்ளவரே முன்னுக்கு வருவதால், சிறுபான்மை வேட்பாளருக்கு இது கடினமான படி. 2024இல் தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் இங்கு தெரிவாகாமல், பின்னர் தேசியப் பட்டியல் மூலமே சபைக்குச் சென்றார். மூன்று விருப்பு வாக்குகளையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பதில்லை. ஒருவரையே வெல்லவைக்க விரும்புபவர் அவருக்கு மட்டும் அளிப்பது மேல், ஏனெனில் ஏனைய இரண்டும் அதே பட்டியலில் அவருடைய போட்டியாளர்களுக்கே போய்ச்சேரும்.

வாக்குச்சீட்டில் முதலில் கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே புள்ளடி இடுங்கள்; அதன் பின்னரே வேட்பாளர் இலக்கங்கள். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களில் மட்டும் இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். மூன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களில் இட்டால் விருப்பு வாக்குகள் மட்டுமே செல்லாமற்போகும், கட்சிக்கு அளித்த வாக்கு எண்ணப்படும்.