அதிகம் பேசப்படாத நான்கு கன்சோல் கேம்கள்: தொடக்கத்திலேயே திணறாமல் ஆடும் வழி

பத்து ஷூட்டர் கேம் முடித்தவருக்குப் பதினோராவது பெரும்பாலும் எளிதாகவே இருக்கும். கை தானாகப் போகும். கீழே வரும் நான்கு கேம்களில் அந்தப் பழகிய கைதான் காலை வாரும். விண்கலச் சண்டை, ஆக்‌ஷன், போர் வியூகம், துப்பறிதல் என்று நான்கும் நான்கு வகை. வெளியே பார்த்தால் அந்தந்த வகையின் மற்ற கேம்களைப் போலவே இருக்கும், உள்ளே விதி வேறு. அந்த விதியையும் கேம் உட்காரவைத்துச் சொல்லித் தராது. அதனால்தான் பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஆடுவதற்கு முன் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. டிவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அளவுக்கு, நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடைவெளி விழும். முதல் இரண்டு கேம்களில் அந்த இடைவெளிதான் உயிரை வாங்கும். மற்ற இரண்டுக்குக் கவலையில்லை. பழைய டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு: பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆகிய இரண்டு கன்சோல்களிலும் கேம்களுக்குப் பொதுவாகப் பிராந்தியப் பூட்டு கிடையாது, பெரும்பாலும் எந்த நாட்டுப் பதிப்பும் ஓடும். ஆனால் பிஎஸ்4 டிஸ்க் எந்தப் பிராந்தியத்துடையதோ, கூடுதல் உள்ளடக்கத்தையும் அந்தப் பிராந்திய ஸ்டோரில்தான் வாங்கவேண்டும். ஜப்பானியப் பதிப்பு என்றால் ஆங்கிலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் டிஸ்க் பக்கமே போகவேண்டாம்.

இகாருகா

ட்ரெஷர் நிறுவனம் 2001இல் ஆர்கேட் கேமாக வெளியிட்டது. 2002இல் ட்ரீம்காஸ்ட், 2003இல் கேம்கியூப், 2018இல் ஸ்விட்ச், பிஎஸ்4 என்று ஒவ்வொரு தலைமுறைக் கன்சோலுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. மொத்தம் ஐந்தே அத்தியாயங்கள்.

உங்கள் விண்கலத்துக்கு இரண்டு நிறம், வெள்ளையும் கறுப்பும். ஒரு பட்டனில் மாற்றலாம். நீங்கள் இருக்கும் நிறத்திலேயே வரும் குண்டு உங்களைக் கொல்லாது. கலம் அதை உள்ளே இழுத்துச் சக்தியாகச் சேர்த்துக்கொள்ளும். எதிர் நிறக் குண்டு ஒன்றே ஒன்று பட்டால் கலம் போய்விடும். எதிர் நிற எதிரியைச் சுட்டால் சேதம் இரட்டிப்பு. எதிரியின் உடலிலோ சுவரிலோ மோதினால் எந்த நிறமானாலும் சாவுதான். புதிதாக ஆடுபவர்கள் குண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து இதில்தான் அதிகம் சாகிறார்கள்.

மற்ற விண்கலக் கேம்களில் குண்டு வந்தால் விலகவேண்டும். இங்கே பாதி நேரம் குண்டுக்குள் நுழையவேண்டும். விரல் அதற்கு ஒப்பாது. ஒப்பவைக்க ஒரு பயிற்சி உண்டு: முதல் அத்தியாயத்தை ஒரு குண்டுகூடச் சுடாமல் ஆடுங்கள். நிறம் மாற்றுவதும் உறிஞ்சுவதும் மட்டும். அத்தியாயக் கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கு நேரக் கணக்கு இருப்பதால், அடிக்காமலே தாக்குப்பிடித்தால் நேரம் முடிந்ததும் அதுவே விலகிப் போய்விடும். ஆகவே சுடாமல் அத்தியாயத்தைக் கடக்க முடியும். அப்படி ஆடுபவர்களுக்குக் கேமே தனிப் பட்டம் வைத்திருக்கிறது. நாலைந்து முறை இப்படிப் போய்வந்தால், எந்த இடத்தில் எந்த நிறம் வரும் என்பது மனப்பாடமாகிவிடும். எதிரிகள் எப்போதும் அதே வரிசையில், அதே இடத்தில்தான் வருவார்கள்.

பிறகு சுடத் தொடங்குங்கள், ஈஸி என்ற எளிய நிலையில். அதற்கும் நார்மலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நார்மலில், எதிரியை அதன் நிறத்திலேயே இருந்து கொன்றால் அது சாகும்போது அதே நிறக் குண்டுகளைச் சிதறவிடும். எதிர் நிறத்தில் இருந்து கொன்றால் சிதறாது. ஈஸியில் எப்படிக் கொன்றாலும் சிதறாது. ஹார்டில் எப்படிக் கொன்றாலும் சிதறும். நார்மலுக்கு வந்ததும் இதையே கருவியாக்கிக்கொள்ளலாம். சக்தி வேண்டுமா, ஒரே நிறத்தில் நின்று கொன்று, சிதறுவதை அள்ளுங்கள். திரையைச் சீக்கிரம் காலியாக்கவேண்டுமா, எதிர் நிறத்துக்கு மாறுங்கள்.

உறிஞ்சும் குண்டு பத்துக்கு ஒரு கதிர் வீதம் சேரும், உச்சம் 12. விடுவித்தால் கதிர்கள் தாமாகவே எதிரியைத் தேடிப் போகும். பாஸ் முன்னால் நிரம்பிய சக்தியோடு வட்டமடித்துக்கொண்டிருப்பது வீண். நிரம்பியதும் விடுங்கள், மறுபடி நிரப்புங்கள்.

இறப்பதற்கு வழக்கமான காரணம், குண்டு ஓடையின் நடுவில் நின்றுகொண்டு நிறத்தை மாற்றுவது. முதலில் வெளியே வாருங்கள், பிறகு மாற்றுங்கள். ஸ்கோருக்கான சங்கிலியை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரே நிறத்தில் மூன்று எதிரிகள் சேர்ந்தால் ஒரு கண்ணி. முதல் கண்ணிக்கு 100, அடுத்து 200, 400 என்று இரட்டித்து ஒன்பதாவதில் 25,600இல் நிற்கும். ஒரு எதிரியைத் தவறான நிறத்தில் கொன்றாலும் அறுந்து ஆரம்பத்துக்கு வந்துவிடும். அதன் பின்னால் ஓடினால் உயிர் தங்காது.

வான்க்விஷ்

பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கி, சேகா 2010இல் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360க்கு வெளியிட்டது. இயக்குநர் ஷின்ஜி மிகாமி. 2020இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்தது. சுவருக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்துச் சுடும் கேம் போலத் தெரியும். அப்படியே ஆடினாலும் முடித்துவிடலாம், ஆனால் சலிப்புத் தட்டும். கேம் மேல் பழி போடுவீர்கள்.

நாயகன் அணிந்திருக்கும் கவசத்துக்கு ஒரே ஒரு சக்தி அளவி. முழங்காலில் சறுக்கிப் பாய்வது, நேரத்தை மெதுவாக்குவது, கைச்சண்டை மூன்றும் அந்த அளவியிலிருந்துதான் எடுக்கும். அளவி முழுக்கக் காலியானால் கவசம் சூடேறிச் சில விநாடிகளுக்கு எதுவும் செய்யாது. திறந்த வெளியில் அந்தச் சில விநாடிகள் போதும், சாவதற்கு. கைச்சண்டை ஒரே அடியில் அளவியைத் துடைத்துவிடும் என்பதால், அது கூட்டத்தில் பயன்படுத்தும் ஆயுதம் அல்ல. கடைசி ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மெதுவாவதற்குத் தனிப் பட்டன் இல்லை. உருளும்போதோ, சறுக்கும்போதோ, தடுப்பைத் தாண்டிக் குதிக்கும்போதோ குறிவைக்கும் பட்டனை அழுத்தவேண்டும். பலத்த அடி விழுந்து சாகும் நிலை வந்தால் அதுவாகவே மெதுவாகும். அப்போது சுட ஆசைப்படாமல் அருகிலுள்ள தடுப்புக்கு ஓடுங்கள். நல்ல ஓட்டம் என்றால் இப்படி: தடுப்பிலிருந்து சறுக்கிப் புறப்படு, நடுவழியில் குறிவை, எதிரிகளான ரோபோக்கள் இரண்டின் தலையைச் சுடு, அளவி கால்வாசி இருக்கும்போதே விடு, அடுத்த தடுப்பில் ஒட்டு. அந்தக் கால்வாசியை மிச்சம் வைப்பதுதான் முழுக் கலையும்.

ஆயுதம் மேம்படும் முறையையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு துப்பாக்கியின் குண்டு முழுதாக இருக்கும்போது அதே துப்பாக்கியை மறுபடி எடுத்தால், அது மேம்பாட்டுக் கணக்கில் சேரும். குண்டு குறைந்திருந்தால் வெறுமனே குண்டு நிரம்பும், அவ்வளவுதான். எனவே தரையில் கிடப்பதை உடனே எடுக்காதீர்கள். கையில் இருப்பது நிரம்பியிருக்கும்போது எடுங்கள். கீழே விழுந்து கிடக்கும் சக வீரனை எழுப்பினால் அவனும் ஆயுதமோ குண்டோ தருவான். தடுப்புக்குப் பின்னால் நாயகன் சிகரெட் பற்றவைப்பது வெறும் பந்தா இல்லை. அதை எறிந்தால் ரோபோக்கள் அந்தச் சூட்டின் பக்கம் திரும்பும்.

வால்கிரியா கிரானிக்கிள்ஸ்

சேகாவின் 2008ஆம் ஆண்டு பிஎஸ்3 கேம். 2016இல் பிஎஸ்4, 2018இல் ஸ்விட்ச். 1935இல் நடக்கும் கற்பனைப் போர். சின்ன நாடான காலியாவை ஒரு பேரரசு தாக்குகிறது. வரைபடத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்ததும் கேமரா அவருடைய முதுகுக்குப் பின்னால் இறங்கும், நீங்களே ஓட்டிப் போகவேண்டும்.

மற்ற போர் வியூகக் கேம்களில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் காயையும் ஒரு முறை நகர்த்தியே பழகியிருப்போம். இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கட்டளைப் புள்ளி செலவு, டாங்கிக்கு இரண்டு. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப நகர்த்தலாம்; ஒவ்வொரு முறையும் நடக்கும் தூரம் மட்டும் குறையும். எல்லாரையும் அசைக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. செலவழிக்காத புள்ளி அடுத்த முறைக்குச் சேரும். வெல்கின், அலிசியா, ரோஸி, லார்கோ போன்ற முக்கியப் பாத்திரங்கள் களத்தில் இருந்தால் ஆளுக்கொரு புள்ளி கூடுதல்.

நீங்கள் ஓடும்போது எதிரி சும்மா இருக்கமாட்டான், பார்வைக்குள் வந்த கணமே சுடுவான். ஆனால் குறிவைக்கும் பட்டனை அழுத்தினால் எல்லாம் உறைந்துவிடும். ஆகவே ஒரு நகர்வு இந்த வரிசையில் இருக்கட்டும்:

1. வரைபடத்தில் வழியை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். திறந்த வெளியில் நின்று யோசிக்கக் கூடாது.
2. பக்கவாட்டில் ஓடி, முடிந்தவரை கிட்டப் போங்கள். குறிவட்டத்துக்குள் குண்டு எங்கே வேண்டுமானாலும் விழும். தலை வட்டத்தை நிரப்பும் அளவுக்கு நெருங்கினால்தான் தலையில் படும்.
3. குறிவையுங்கள். எத்தனை குண்டில் ஆள் விழுவான் என்பதைத் திரையே காட்டும். போதாது என்றால் சுடாமல் இன்னும் நெருங்குங்கள்.
4. சுட்டதும் மணல்மூட்டைக்கோ சுவருக்கோ பின்னால் போய், எதிரி வரும் திசை பார்த்து நின்று, நகர்வை உடனே முடியுங்கள். எதிரியின் முறையில் உங்கள் ஆளும் அதே மாதிரி வழிமறித்துச் சுடுவார், முகம் அந்தப் பக்கம் இருந்தால்.

மணல்மூட்டைக்குப் பின் குனிந்தவனுக்குத் தலையடி விழாது. முதலில் கையெறிகுண்டு போட்டு எழுப்புங்கள், பிறகு சுடுங்கள். டாங்கியை முன்னாலிருந்து அடிப்பது வீண்செலவு. பின்பக்கம் நீல ஒளியோடு தெரியும் ரேடியேட்டர்தான் அதன் உயிர்நிலை.

விழுந்த வீரரை மூன்று சுற்றுக்குள் நம் ஆள் ஒருவர் போய்த் தொடவேண்டும். தாமதித்தாலோ, எதிரி முந்திக்கொண்டாலோ அவர் கதையிலிருந்தே போய்விடுவார், திரும்ப வரமாட்டார். சண்டையின் நடுவிலும் சேவ் செய்யலாம் என்பதால் சுற்றுக்கு ஒரு சேவ், இரண்டு இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் மேலெழுதிக்கொண்டே போனால், கெட்டுப்போன நிலையையே சேமித்துவிட்டு மாட்டிக்கொள்வீர்கள்.

மதிப்பெண் முறையில் ஒரு ஓட்டை: ரேங்க் எத்தனை சுற்றில் முடித்தீர்கள் என்பதை மட்டுமே பார்க்கும். அதனால் ஒரு ஸ்கவுட்டுக்கு (அதிக தூரம் ஓடக்கூடிய வீரர்) தற்காப்பு ஆணை கொடுத்து நேரே எதிரி முகாமுக்கு ஓடவிட்டால் ஏ ரேங்க் கிடைத்துவிடும். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் முதல் முறையே அப்படி ஆடினால் நல்ல கேம் ஓட்டப்பந்தயமாகிவிடும். அனுபவப் புள்ளிகள் தனி ஆளுக்கு இல்லை, ஸ்கவுட் போன்ற வீரர் வகை முழுவதுக்கும் சேரும். எனவே புதிய ஆளைச் சேர்க்கத் தயங்கவேண்டாம்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்

லூகாஸ் போப் உருவாக்கியது. கணினிக்கு 2018, கன்சோல்களுக்கு 2019. ஆண்டு 1807. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நீங்கள் ஒரு கப்பலில் ஏறி, அதிலிருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று கணக்கெடுக்கவேண்டும். பிணத்தருகே உங்கள் கையிலுள்ள மாயக் கடிகாரத்தைத் திறந்தால் அவர் இறந்த கணம் உறைந்த காட்சியாக விரியும். உங்களிடம் உள்ள புத்தகத்தின் பட்டியலில் பெயர், பதவி, நாடு இருக்கும், இந்தியர்களும் உண்டு.

துப்பறியும் கேம் என்றால் தடயத்தைச் சுட்டிக்காட்டி ஒளிரவைக்கும் என்று எதிர்பார்ப்போம். இது எதையும் ஒளிரவைக்காது. முதல் இரண்டு மணி நேரம் யாரையும் அடையாளம் காண முயலவே வேண்டாம், எல்லாக் காட்சிகளையும் திறந்துகொண்டே போங்கள். புத்தகத்தில் ஒருவரின் முகம் மங்கலாக இருக்கிறது என்றால், அவரைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். முகம் தெளிந்த பிறகு முக்கோணக் குறிகளைப் பாருங்கள்: ஒன்று என்றால் எளிது, மூன்று என்றால் கடினம்.

ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தால் புத்தகத்தில் அவரை அடையாளக்குறி இட்டு, அவர் வரும் காட்சிகளை மட்டும் சுற்றி வாருங்கள். உதவியாளர்கள் தங்கள் எஜமானரின் பக்கத்திலேயே திரிவார்கள்: தச்சரின் உதவியாள், மருத்துவரின் உதவியாள், அதிகாரிகளின் பணியாள். பேச்சின் உச்சரிப்பு நாட்டைக் காட்டும். சீருடை பதவியைக் காட்டும். தூளிப் படுக்கையில் தொங்கும் எண்ணையும் காலணியையும்கூட விடாதீர்கள். அதற்குமேல் சொன்னால் சுவை போய்விடும்.

மூன்று பேருடைய முடிவு சரியாக அமைந்தால்தான் கேம் உறுதிசெய்யும். இரண்டு பேர் உறுதி, மூன்றாமவருக்கு இரண்டு பெயர்தான் மிச்சம் என்றால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது தவறில்லை. மூன்றுமே ஊகம் என்ற நிலையில் அப்படிச் செய்தால் எது தப்பு என்றே தெரியாமல் சுற்றுவீர்கள். சாவின் வகையில் ரொம்பக் குழம்பவேண்டாம். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் கேம் ஏற்கும்.

ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடினால் புள்ளிப் புள்ளியான இரு நிறப் படம் கண்ணை உறுத்தலாம், டிவியில் போடுங்கள். காட்சிகள் எல்லாம் திறந்தபின் மழை பிடித்துக்கொள்ளும், தோணிக்காரர் கிளம்பலாம் என்று அவசரப்படுத்துவார். நேரக் கெடு எதுவும் இல்லை. தோணியில் ஏறிப் போனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும் என்பதால், புத்தகம் நிரம்பும்வரை அவரை நனையவிடுங்கள்.