துண்டுக்கு வெளியே ஒரு பேரம்: கல்லூரி நூலகருக்கான செய்முறை

நூலக அறிவியல் படிப்பில் பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் கற்றுக்கொண்டு வருகிறோம். விலை பேசக் கற்றுக்கொண்டு வருவதில்லை. ஆனால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு தனியார் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, மின்னிதழ்த் தொகுப்பின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மேசைக்கு வந்துவிடும். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு இந்தக் கவலை குறைந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்காக மத்திய அரசே 30 பதிப்பகங்களுடன் மொத்தமாகப் பேசி, ஏறத்தாழ 13,000 இதழ்களை அவற்றுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரி நூலகர் தாமேதான் பேச வேண்டும். இந்தச் செய்முறை அவருக்காக எழுதப்பட்டது.

படி 1: ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

பெரும்பாலான இதழ்களின் சந்தா ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே சந்தா முடிவது நம் கணக்காண்டின் நடுவில். டிசம்பர் கடைசி வாரத்தில் பேச உட்கார்ந்தால், இணைப்பு அறுந்துவிடுமே என்ற அச்சம் நமக்கு மட்டும்தான் இருக்கும், விற்பவருக்கு இருக்காது.

படி 2: பயன்பாட்டைக் கணக்கிடுங்கள்

எத்தனை கட்டுரைகள் திறக்கப்பட்டன என்ற அறிக்கையை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். ‘கவுண்டர்’ என்னும் பன்னாட்டு நெறிமுறைப்படி தயாரித்த அறிக்கையாக அது இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்துப் பார்க்க முடியும். ஆண்டுச் சந்தா 1,80,000 ரூபாய், திறக்கப்பட்ட கட்டுரைகள் 900 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரைக்கு 200 ரூபாய் ஆகிறது. இந்த ஒற்றை எண் முதல்வருக்கும் புரியும், தாளாளருக்கும் புரியும், விற்பனைப் பிரதிநிதிக்கும் புரியும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாமல் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பிரதிநிதி வந்து பயிற்சி வகுப்பு நடத்திய நாளில் அறுபது மாணவர்கள் ஒரே நேரத்தில் திறந்த கட்டுரைகளும் அதற்குள் சேர்ந்திருக்கும். இதழ்வாரியாகவும் பிரித்தால், தொகுப்பில் உள்ள நூற்றுக்கணக்கான இதழ்களில் சிலவற்றை மட்டுமே நம் பேராசிரியர்கள் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள் என்பது தெரிய வரலாம். அதே அறிக்கைத் தொகுதியில், கேட்டும் அனுமதி கிடைக்காமல் போன முயற்சிகளின் பட்டியலும் உண்டு. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அடுத்து எதை வாங்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

படி 3: உடன்பாடு ஏற்படாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மிக அதிகமாகப் பயன்படும் இதழ்களுக்கு மட்டும் தனிச் சந்தா கட்டலாம். கல்லூரிகளுக்கு மின்வளங்களைத் தரும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘என்-லிஸ்ட்’ திட்டம் வழியாகக் கிடைப்பவற்றைப் பார்க்கலாம். டெல்நெட் என்னும் நூலக வலையமைப்பில் உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து கட்டுரையின் நகலைப் பெறலாம். இவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தால், எந்தத் தொகைக்கு மேல் தொகுப்பை வாங்குவது வீண் என்பது தெரிந்துவிடும். அந்தத் தொகையைத் துறைத்தலைவர்களிடமும் முதல்வரிடமும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். இல்லாவிட்டால், நீங்கள் உறுதியாக மறுத்த மறுநாள் பிரதிநிதி நேரே முதல்வர் அறைக்குப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்.

படி 4: துண்டை விலக்குங்கள்

என் பார்வையில் இதுதான் முக்கியமான படி. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடுவது போன்ற மாட்டுச் சந்தைகளில், தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தை நம் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். அருகில் நிற்பவருக்கு விலை தெரியாது. அடுத்த மாட்டுக்கு அதே தரகர் வேறு விலை சொல்ல முடியும். மின்னிதழ் ஒப்பந்தங்களில் ‘இரகசியம் காத்தல்’ என்ற பிரிவு செய்வதும் இந்தத் துண்டின் வேலையைத்தான். ஓசூர்க் கல்லூரி என்ன விலை கொடுத்தது என்று ஊத்தங்கரைக் கல்லூரிக்குத் தெரியாத வரையில் இரண்டும் தனித்தனியே பேரம் பேசிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் இத்தகைய பிரிவுள்ள ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதில்லை என்று 2011-இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

நம்மால் அந்த அளவுக்கு முடியுமா என்று தயங்க வேண்டாம். வரைவு ஒப்பந்தம் வந்ததும், விலையைப் பிற நூலகங்களுக்குத் தெரிவிக்கத் தடை விதிக்கும் பிரிவை நீக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். பக்கத்துக் கல்லூரி நூலகர்களிடமும் விசாரியுங்கள். அவர்கள் ஏற்கெனவே அப்படியொரு பிரிவுக்குக் கட்டுப்பட்டிருந்தால் தொகையைக் கேட்டு வற்புறுத்தாமல், அடுத்த ஆண்டு சேர்ந்து பேச வருவார்களா என்று மட்டும் கேளுங்கள்.

படி 5: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கேளுங்கள்

மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இல் ஆற்றிய உரையில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று, பேரம் பற்றிய வகுப்புகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது நடந்ததும் ஒரு நூலகத்தில்தான். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார், ஃபாலெட் மூடி வைக்க விரும்பினார். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டாதது முகத்தில் நேரே அடிக்கும் வாடைக்காற்று. யாரும் இல்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். இருவர் தேவையும் தீர்ந்தது.

பிரதிநிதி “மேலிடத்தில் இதற்குக் கீழே விடமாட்டார்கள் சார்” என்றால், “உங்களுக்கு மொத்தத் தொகை முக்கியமா, டிசம்பருக்குள் ஆணை வருவது முக்கியமா?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். ஆண்டு முடிவுக்குள் ஆணை கிடைப்பதுதான் அவருக்கு நெருக்கடி என்றால், நம் கல்லூரியில் மாணவர் கட்டணம் வசூலாகும் வரை பணம் கட்ட முடியாமல் இருப்பது நமக்கு நெருக்கடி. ஆணையை இப்போதே கொடுத்துத் தொகையை இரு தவணையாகக் கட்டுவது இங்கே அடுத்த அறைச் சன்னல்.

படி 6: தள்ளுபடியோடு நிறுத்தாதீர்கள்

என் முதல் ஒப்பந்தத்தில் கிடைத்த தள்ளுபடியில் மகிழ்ந்து, அடுத்த ஆண்டு விலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் கையெழுத்திட்டேன். மறு ஆண்டு விலையேற்றத்தில் அந்தத் தள்ளுபடி முழுவதும் கரைந்துபோனது. ஆகவே ஆண்டு விலையேற்றத்துக்கு உச்சவரம்பு, சந்தாவை நிறுத்திய பிறகும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்கும் உரிமை, விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் திறக்கும் வசதி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அச்சு நூல்களுக்கு, பக்கம் விடுபட்ட பிரதியை மாற்றித் தருவதும் அதற்கான பார்சல் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வேண்டும்.

படி 7: அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்

தொலைபேசியில் பேசி முடித்த அன்று மாலைக்குள் இப்படி எழுதிவிடுங்கள்: “இன்று பேசியபடி ஆண்டுத் தொகை இவ்வளவு, விலையேற்றம் ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேற்படாது, இரகசியப் பிரிவு நீக்கப்படும். இதில் மாறுபாடு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.” பதிலை அச்சிட்டுக் கோப்பில் சேருங்கள், அடுத்த ஆண்டு அதே நிறுவனத்திலிருந்து வேறொரு பிரதிநிதி வருவார், அவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது.